ஐயத்துக்கும் உறுதிக்கும் இடையில்: எர்ணாகுளமும் புற்றுநோய்ப் பரிந்துரையின் காத்திருப்பும்

1960களின் பிற்பகுதியில் பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பல் மருத்துவர்கள் இந்தியாவின் ஐந்து மாவட்டங்களில் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். குஜராத்தின் பாவ்நகர், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், அன்றைய பீகாரின் சிங்பூம், தர்பங்கா, கேரளத்தின் எர்ணாகுளம் ஆகியவை அம்மாவட்டங்கள். மாவட்டத்துக்கு ஏறத்தாழ 10,000 பேர் என மொத்தம் 50,915 கிராமவாசிகள் பரிசோதிக்கப்பட்டனர். ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பின்ட்போர்கும் முன்னின்று நடத்திய அவ்வாய்வு 1969-இல் அச்சேறியது. வாய்ப்புற்றையும் அதற்கு முன்னோடியான வெண்படலத்தையும் மக்கள்தொகை அளவில் உலகம் அறிந்துகொண்ட அடிப்படை ஆவணங்களுள் அது ஒன்று. எர்ணாகுளத்தின் பெயர் அன்றிலிருந்து புற்றுநோய் இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது.

அதே எர்ணாகுளம் மாவட்டத்தில் அரசு தனியாக ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது 2016-இல். களமசேரி அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் புறநோயாளர் பிரிவுடன் அது இயங்கத் தொடங்கியபோது, வாயைத் திறந்து காட்டிய அந்த முதல் தலைமுறையில் பலர் உயிருடன் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு மாவட்டம் நோயைப் பற்றிய அறிவை உலகுக்கு வழங்கியதற்கும் அந்நோயை ஐயுறும் மனிதருக்குத் தன் எல்லைக்குள் அரசு மையம் ஒன்றைப் பெற்றதற்கும் இடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருக்கிறது. இந்தக் கால இடைவெளியும், தனிமனிதர் ஒருவர் சீட்டைக் கையில் பிடித்தபடி கழிக்கும் சில வாரங்களின் இடைவெளியும் வேறுவேறு அளவினவாயினும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை.

மருத்துவ வரலாற்றெழுத்தில் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று, கண்டுபிடிப்பின் வரலாறு: ரேடியம், கோபால்ட், அறுவை, மருந்து. மற்றொன்று, துயரத்தின் வரலாறு: உறுதியான நோயும் அதன் பின்னான வாழ்வும். ஐயத்தின் வரலாறு அரிதாகவே எழுதப்பட்டுள்ளது. 'இது அதுவாக இருக்கலாம், உடனே பெரிய ஆசுபத்திரிக்குப் போங்கள்' என்று ஒரு மருத்துவர் சொல்லிய கணத்திலிருந்து, திசுச் சோதனையின் முடிவு கைக்கு வரும் நாள் வரையுள்ள காலம் ஆவணக்காப்பகங்களில் ஏறக்குறைய இல்லாத காலம். அக்காலத்தில் மனிதர் நோயாளியும் அல்லர், நலமானவரும் அல்லர். ஆங்கிலத்தில் நோயாளியையும் பொறுமையுடையோரையும் ஒரே சொல் குறிக்கும். தமிழில் நோயாளி என்பவர் நோயை உடையவர். ஐயத்தில் நிற்பவருக்கோ இன்னும் உடைமையென்று சொல்ல நோயும் இல்லை. பொறுமை ஒன்றே அவரிடம் கேட்கப்படுகிறது.

தாமதம் ஓர் ஆய்வுப் பொருளானது 1938-இல். நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் பேக், ஜேம்ஸ் காலோ ஆகிய மருத்துவர்கள் 1,000 புற்றுநோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டனர். அறிகுறி தோன்றி மூன்று மாதங்களுக்குள் மருத்துவரிடம் வராவிட்டால் குற்றம் நோயாளியுடையது. மருத்துவர் ஒரு மாதத்துக்குள் உரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் குற்றம் மருத்துவருடையது என அவர்கள் வரையறுத்தனர். கட்டுரையின் தலைப்பிலேயே 'குற்றப் பொறுப்பு' என்னும் பொருள்படும் சொல் இருந்தது. இந்தப் பாகுபாடு பின்னர் பல பதிற்றாண்டுகள் ஆய்வுலகை ஆண்டது. இதில் ஒரு மூன்றாம் தரப்புக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மருத்துவமனை எங்கே இருக்கிறது, கருவி இருக்கிறதா, சோதனைக் கண்ணாடித் தகட்டைப் படிக்க ஆள் உண்டா, கூலியை விட்டு வர முடியுமா என்பவை நோயாளியின் கணக்கிலோ மருத்துவரின் கணக்கிலோ எழுதப்பட்டன. 2012-இல் வெளியான ஆர்ஹூஸ் அறிக்கை இந்தக் குற்றமொழியைக் கைவிட்டு, நோயாளி இடைவெளி, முதன்மை மருத்துவ இடைவெளி, கண்டறிதல் இடைவெளி, சிகிச்சை இடைவெளி எனக் காலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அளப்பது என்பதற்குப் பொது இலக்கணம் வகுத்தது. ஒரு சொல்லை மாற்ற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தென்னகத்தின் தொல்லை அதற்கும் முந்தையது. 1908-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் டபிள்யூ. சி. பென்டால் திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோய் நேர்வுகளின் சுருக்கத்தை வெளியிட்டார். அவர் பணியாற்றிய நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், தமிழ் பேசும் நிலத்தில் உள்ளது. 1933-இல் ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றைக் குறித்து லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்ட் ஏற முயன்ற குழுக்களில் இடம்பெற்றவரும் பின்னர் நெய்யூரிலேயே தங்கி அறுவை மருத்துவம் செய்தவருமான ஹோவர்டு சாமர்வெல், கன்னத்துப் புற்றை அறுத்தெடுப்பதைத் தம் அன்றாடப் பணியாகக் கொண்டிருந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நால்வகைக் கூட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது இந்நிலப்பரப்பில் நூறாண்டுகளுக்கு முன்பே மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்போதைய கொச்சி அரசின் குடிமகன் ஒருவருக்குக் கதிர்மருத்துவம் வேண்டுமெனில் வழி நீண்டது. 1934-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. 1941-இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை. தம் தங்கையை 1923-இல் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் ஒரு குடிலில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. 1957-இல் அங்கே கோபால்ட்-60 கருவி வந்தது. மலையாள நாட்டிலிருந்து அங்கெல்லாம் செல்வது என்றால் ரயிலேறிச் செல்வது. போய்ச் சேர்வதற்கே ஓர் இரவு. சேர்ந்தபின் மொழியும் வேறு. காத்திருப்பு என்பது அன்று தூரத்தின் மறுபெயராக இருந்தது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் அமைந்தபின் இத்தூரம் சுருங்கியது. ஆயினும் எர்ணாகுளத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால்தான்.

இடையில் எர்ணாகுளத்து ஆய்வு நின்றுவிடவில்லை. எர்ணாகுளம் உள்ளிட்ட மாவட்டங்களில் அதே மனிதர்களைப் பத்தாண்டுகள் ஆண்டுதோறும் தேடிச்சென்று பார்த்தனர். புதிதாகத் தோன்றும் புற்றுகள் பெரும்பாலும் ஏற்கெனவே வாயில் இருந்த முன்புற்றுப் புண்களிலிருந்தே எழுகின்றன என்பதும், புகையிலைப் பழக்கம் உள்ளோரிடமே அவை எழுகின்றன என்பதும் அப்படித்தான் நிறுவப்பட்டன. இதன் உட்பொருள் எளியது: இந்நோய் எச்சரிக்கை தராமல் வருவதில்லை. பல ஆண்டுகள் முன்னரே வெண்மையாகவோ சிவப்பாகவோ கன்னத்தின் உட்புறத்தில் தன்னைக் காட்டிக்கொண்டுதான் வருகிறது. 1986-இல் வெளியான மற்றோர் ஆய்வில், எர்ணாகுளம் மாவட்டத்து அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் ஐம்பது பேருக்குச் சற்று மேற்பட்டோர், தம் வழக்கமான வீட்டுச் சுற்றுக்கு இடையிலேயே ஓராண்டில் 39,000-க்கும் மேற்பட்ட புகையிலைப் பழக்கமுள்ளோரின் வாயைப் பார்த்து, ஐயத்துக்குரிய புண்களை அடையாளம் கண்டனர். பல் மருத்துவர் இன்றியே, ஒரு டார்ச் விளக்கும் சில நாள் பயிற்சியும் கொண்டு இதைச் செய்ய முடியும் என்று மெய்ப்பித்த மாவட்டம் இது.

இந்த ஆய்வுகள் நடந்தவை கிராமங்களில். மட்டாஞ்சேரியின் சந்துகளில் அல்ல. ஆயினும் மட்டாஞ்சேரியை ஒதுக்கிவிட்டு எர்ணாகுளத்தின் காத்திருப்பைப் பேச முடியாது. காத்திருத்தலையே ஓர் அரசியல் வழக்காக மாற்றிய ஊர் அது. மிளகும் இஞ்சியும் கயிறும் ஏற்றி இறக்கிய அத்துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் வழக்கம் இருந்தது. நாள்தோறும் விடியலில் வேலைதேடிக் கூடும் கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசுவர். முட்டி மோதி யார் கையில் வில்லை சிக்குகிறதோ அவருக்கு அன்றைய கூலி. சிக்காதவர் மறுநாள் விடியும்வரை காத்திருக்கவேண்டும். இதற்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டை மட்டாஞ்சேரி இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. சைது, சைதலவி, ஆன்டணி என்னும் மூன்று பெயர்கள் அந்நினைவில் நிலைத்தவை. 1960களின் தொடக்கத்தில் சாப்பா ஒழிந்தது. முறைப்படி பதிவுசெய்யப்பட்ட தொழிலாளிக்கு முறைப்படி வேலை என்பது வந்தது. ஒருவரைக் காக்க வைப்பது இயற்கை நிகழ்வு அன்று, அது ஒருவர் மற்றொருவர் மீது செலுத்தும் அதிகாரம் என்று சமூகவியலர் பாரி ஷ்வார்ட்ஸ் 1975-இல் நூலாக எழுதினார். துறைமுகத் தொழிலாளிகள் அதற்கு இரண்டு பதிற்றாண்டுகளுக்கு முன்பே அதைத் தெருவில் சொல்லிவிட்டனர் எனலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மழுப்பக்கூடாது. மருத்துவமனை டோக்கன் சாப்பா அன்று. அதை எவரும் கூட்டத்தில் வீசுவதில்லை. அது வரிசை எண்ணைத் தருகிறது, எண் நியாயத்தைத் தருகிறது. ஆனால் அவ்வெண் சொல்வது இன்று எத்தனையாவது ஆள் என்பதை மட்டுமே. திசுச் சோதனை எத்தனை நாளில், படம் எடுப்பது எந்த வாரம், முடிவு எப்போது என்பனவற்றை எந்த வில்லையும் சொல்வதில்லை. புவெனஸ் அயர்ஸின் நல அலுவலகங்களில் ஏழைகள் காத்திருப்பதை ஆராய்ந்த ஹாவியர் ஔயெரோ, காத்திருப்பின் நீளத்தைவிட அதன் நிச்சயமின்மைதான் மனிதரைப் பணிய வைக்கிறது என்று 2012-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். செவிலியல் அறிஞர் மெர்ல் மிஷெல் 1988-இல் முன்வைத்த நோய்க்கால நிச்சயமின்மைக் கோட்பாடு வேறு வழியில் வந்து அதே வாயிலில் நிற்கிறது. மோசமான செய்தியைத் தாங்குவோர்கூடச் செய்தியின்மையைத் தாங்க இடர்ப்படுகின்றனர்.

நிச்சயமின்மையை அரசு வாக்குறுதியாக மாற்ற முயன்ற நாடு இங்கிலாந்து. குடும்ப மருத்துவர் புற்றுநோய் என்று ஐயுற்று அவசரமாகப் பரிந்துரைத்தால் இரண்டு வாரங்களுக்குள் வல்லுநரைக் காணலாம் என்னும் விதி 1999-இல் மார்பகப் புற்றுக்கும், 2000-இன் இறுதிக்குள் பிற புற்றுகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. மலையாளச் செவிலியர் பலர் பணியாற்றும் அந்நாட்டுச் சுகாதாரப் பணியகத்தின் அன்றாடச் சொற்களுள் 'இரு வார வரிசை' என்பதும் ஒன்றாயிற்று. அந்த விதியின் குறை அதன் வடிவிலேயே இருந்தது. பரிந்துரையிலிருந்து முதல் சந்திப்பு வரை மட்டுமே அது அளந்தது. வல்லுநர் ஒருமுறை முகத்தைப் பார்த்துவிட்டால் கடிகாரத்தின் அந்த முள் நின்றுவிடும். நோயாளியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 2023 அக்டோபரில் இரு வார விதி கைவிடப்பட்டு, 28 நாட்களுக்குள் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற விடையைத் தரவேண்டும் என்னும் அளவுகோல் முதன்மை பெற்றது. அந்த அளவுகோலும் முழுமையாக நிறைவேறிவிடவில்லை. இருப்பினும் ஓர் அரசு 'இல்லை' என்ற விடையையும் தான் கொடுக்க வேண்டிய ஒன்றாக ஏற்றுக்கொண்டது வரலாற்றில் சிறிய செய்தி அன்று. பரிந்துரைக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர்க்குப் புற்று இருப்பதில்லை. அவர்களது காத்திருப்பு எந்த இறப்புக் கணக்கிலும் சேர்வதில்லை என்பதால் அது நிகழவே இல்லை என்றாகிவிடாது.

நாட்களின் விலை என்ன என்பதற்கும் இன்று எண் உண்டு. சிகிச்சை தொடங்குவது நான்கு வாரம் தள்ளிப்போனால், அறுவை மருத்துவத்தைப் பொறுத்தவரை இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு உயர்கிறது என்று 2020-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அதே ஆண்டில்தான் இந்தியா முழுமையும் ஒருசேரக் காத்திருந்தது. மார்ச் 1 முதல் மே 31 வரை 41 இந்தியப் புற்றுநோய் மையங்களில் பதிந்த புது நோயாளிகள் முந்தைய ஆண்டின் அதே காலத்தில் 1,12,270 பேர். பொதுமுடக்க ஆண்டில் 51,760 பேர். குறைந்தது 54 விழுக்காடு. நோய் குறைந்ததால் எண் குறையவில்லை. வீட்டில் இருந்தபடி ஐயத்தோடு காத்திருந்தவர்கள் அந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் சட்டமோ விதியோ இத்தகைய நாள் வரம்பு எதையும் வகுக்கவில்லை. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1975-76-இல் தொடங்கியது. 2010-இல் நீரிழிவு, இதயநோய் முதலியவற்றோடு சேர்த்துப் புதுத் திட்டம். 2016-இல் 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் பரிசோதனைக்கான நடைமுறை. கேரளம் 2022-இல் 'ஷைலி' செயலி வழியே ஆஷா பணியாளர்களை வீடுதோறும் அனுப்பியது. 2025 பிப்ரவரி 4 அன்று 'ஆரோக்யம் ஆனந்தம்' என்னும் பெயரில் அர்புதத்தை அகற்றும் இயக்கம் தொடங்கப்பட்டது. (மலையாளத்தில் புற்றுக்கு அர்புதம் என்றே பெயர். தமிழர் காதில் அது அற்புதமாக விழுந்து ஒரு கணம் திகைக்க வைக்கும்.) இவையனைத்தும் பெருமைக்குரிய முயற்சிகளே. ஆனால் இவற்றின் அறிக்கைகளில் முன்னே நிற்பது பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை, அடுத்து பரிந்துரைக்கப்பட்டோர் எண்ணிக்கை. பரிந்துரைக்கும் முடிவுக்கும் இடையே எத்தனை நாள் என்பது அந்த முன்வரிசையில் இடம்பெறுவதில்லை. ஐயத்தை உருவாக்கும் ஆற்றல் ஐயத்தைத் தீர்க்கும் ஆற்றலைவிட வேகமாக வளர்ந்தால் வரிசை நீளும். திசுவைப் படிக்கும் நோய்க்குறியியலாளர் எத்தனை பேர் என்பதுதான் வரிசையின் உண்மையான அகலம்.

இதற்குக் கேரளத்திலேயே அழுத்தமான சான்று ஒன்று உண்டு. 1996 முதல் 2004 வரை திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிகளில் ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் நடந்த வாய்ப்புற்றுப் பரிசோதனை ஆய்வு, உலகிலேயே இவ்வகையில் மிகப் பெரியது. புகையிலையோ மதுவோ பழகியோரிடம் வாய்ப்புற்று இறப்பை அது 34 விழுக்காடு குறைத்தது என்ற முடிவு எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதே கட்டுரையில் அவ்வளவு மேற்கோள் காட்டப்படாத ஒரு வரியும் உண்டு. வாயில் ஐயத்துக்குரிய புண் இருப்பதாகக் கண்டு மருத்துவரிடம் போகச் சொல்லப்பட்டவர் 5,145 பேர். போனவர் 3,218 பேர், அதாவது 63 விழுக்காடு. எஞ்சிய 1,927 பேர் போகவில்லை. வீட்டுக்கே வந்து பார்த்து, கையில் சீட்டையும் தந்து, கட்டணமும் கேட்காத ஓர் ஆய்வில் இந்நிலை. பேக்கும் காலோவும் இதை நோயாளியின் குற்றம் என்று பதிந்திருப்பர். சமூக வரலாற்றாளர் அப்படிப் பதிய முடியாது. வலியில்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக ஒரு நாள் கூலியை இழப்பது யாருக்கு இயலும்? போனால் 'அது' என்று சொல்லிவிடுவார்களோ என்ற அச்சத்துக்கு, போகாமல் இருப்பதும் ஒரு மருந்துதான். திருமணத்துக்கு நிற்கும் மகள் உள்ள வீட்டில் அந்நோயின் பெயர் வாசலைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டு ஏழைப் பெண்களின் மார்பக, கருப்பை வாய்ப் புற்று அனுபவங்களைச் செசிலியா வான் ஹாலன் 2022-இல் வெளியிட்ட நூலும், டெல்லி நோயாளிகளைப் பற்றி துவைபாயன் பானர்ஜி 2020-இல் எழுதிய நூலும் இத்தகைய மௌனங்களை அறியாமை என்று ஒதுக்காமல், வறுமைக்கும் உறவுக்கும் நடுவே எடுக்கப்படும் முடிவுகளாகப் படிக்கக் கற்றுத் தருகின்றன.

காத்திருப்போர் எவ்வாறு சமாளித்தனர் என்ற கேள்விக்கு மட்டாஞ்சேரி போன்ற ஊர் தரும் விடை ஒன்றல்ல. கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் தமிழும் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிக்கும் அங்கே, உதவி பெரும்பாலும் சமூகத்தின் வழியே வருகிறது: கோயில், பள்ளிவாசல், சங்கம், சிட்டுக்குழு. ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைத்துறை நடத்தும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடை வெளுக்க வரவழைக்கப்பட்டோரின் வழிவந்தவை என்று சொல்லப்படுபவை. விடியலில் கல்லில் துணி அடித்து மாலைக்குள் தேய்த்துக் கொடுக்கும் அத்தகைய தொழிலில் ஒரு நாள் விடுப்பு என்பது வாடிக்கையாளர் ஒருவரை இழப்பது. அதனால் பரிந்துரைச் சீட்டோடு செல்பவர் தனியாகச் செல்வதில்லை என்பதும், ஒருவர் செல்ல மற்றொருவர் அவர் வேலையைப் பார்ப்பதும் கூலி வாழ்வின் பொதுவான ஏற்பாடுகள். மலையாளத்தில் இதற்கு அழகான சொல் உண்டு: கூட்டிருப்பு. மருத்துவமனையில் நோயாளியோடு உடனிருப்பதை மட்டும் குறிப்பது போலத் தோன்றும் அச்சொல், உண்மையில் காத்திருப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு முறைமையின் பெயர். நகையை அடகு வைத்துத் தனியார் சோதனைக் கூடத்தில் நாட்களை விலைக்கு வாங்குவது மற்றொரு வழி. தெரிந்த ஒருவர் வழியாகத் தெரிந்த மருத்துவரைப் பிடிப்பது இன்னொன்று. நேர்த்திக்கடன், நாட்டு வைத்தியம், யாரிடமும் சொல்லாமை என்பவையும் உண்டு. இவற்றுள் எது பகுத்தறிவுக்கு உகந்தது என்று தீர்ப்பெழுதுவது எளிது. முடிவு எப்போது வரும் என்று தெரியாதவருக்கு எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் முயல்வதே அறிவுடைமையாகத் தோன்றும்.

அரசின் உதவிகள் இந்த இடத்தில் விசித்திரமாக நடந்துகொள்கின்றன. லாட்டரி வருவாயைப் புற்றுநோய் முதலிய பெருநோய்ச் சிகிச்சைக்குத் திருப்பிய காருண்யா நிதி 2011-12-இல் கேரளத்தில் உருவானது. அது எண்ணற்ற குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம். இந்திய ரயில்வே புற்றுநோயாளிக்கும் உடன் செல்வோருக்கும் கட்டணச் சலுகை தருகிறது. இரண்டுமே சான்றிதழ் கேட்பவை. சான்றிதழோ நோய் உறுதியானபின் கிடைப்பது. ஆக, நோய் உறுதியாகும் வரையிலான பயணத்துக்கும் சோதனைக்கும் செலவிடும் காலத்தில் ஒருவர் அரசின் கண்ணில் நலமானவர். கைப்பொருள் கரையத் தொடங்குவது அப்போதுதான்.

நோயின் மறுமுனையில் கேரளம் செய்திருப்பது இதற்கு நேர்மாறானது. 1993-இல் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண அமைப்பிலிருந்து, அயலார் தன்னார்வலராகத் திரண்டு படுக்கையில் கிடப்போரை வீடு தேடிச்சென்று பார்க்கும் வலையமைப்பு வளர்ந்தது. 2008-இல் மாநிலம் அதற்கெனக் கொள்கையே வகுத்தது. உலகம் வந்து கற்றுச்செல்லும் ஏற்பாடு அது. சாகும் தறுவாயில் உள்ளவரைத் தனியே விடக்கூடாது என்ற அறம் அங்கே நிறுவனமாகிவிட்டது. கையில் பரிந்துரைச் சீட்டோடு இரவில் உறங்காதிருப்பவரிடம் வந்து, நாளை எந்த வாயிலில் நிற்கவேண்டும், எந்தத் தாளைக் கொண்டுபோகவேண்டும், முடிவு வராவிட்டால் யாரைக் கேட்கவேண்டும் என்று சொல்லும் அயலாரை அதே அளவில் எவரும் நிறுவனமாக்கவில்லை. ஐயத்தில் இருப்பவர் இன்னும் நோயாளி ஆகவில்லை என்பதே இதற்கும் காரணம் போலும்.

களமசேரி மையத்தின் வரலாறும் காத்திருப்பின் வரலாறுதான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1957-இன் முதல் கேரள அமைச்சரவையில் அமைச்சராகவும் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், கொச்சியில் தம் முதுமையில் எழுப்பிய பொதுக் கோரிக்கைகளுள் எர்ணாகுளத்துக்கு ஓர் அரசுப் புற்றுநோய் மையம் என்பதும் ஒன்று. 2014 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று அவர் மறைந்தார். 2016-இல் தற்காலிக இடத்தில் மருத்துவம் தொடங்கியது. 2019 நவம்பரில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து பார்த்தால் களமசேரி பெருந்தொலைவு அன்று. திருவனந்தபுரத்துக்கு இரவு ரயில் பிடித்த தலைமுறைக்கு அது அடுத்த தெரு. தூரம் குறைந்தபின்னும் குறையாது எஞ்சும் நாட்கள் எவை என்று கேட்க இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

இவ்வினாவுக்கு விடைதேடும் ஆய்வாளர் மருத்துவமனைப் பதிவேட்டில் மட்டும் தேடினால் போதாது. மருத்துவமனை ஒவ்வொன்றும் தன் வாயிலுக்குள் நடந்ததையே பதிகிறது. வாயில்களுக்கு இடையே நடந்ததைப் பதிவது நோயாளி வீட்டின் நெகிழிப் பை. முதல் மருத்துவரின் சீட்டு, புறநோயாளர் அட்டை, சோதனைக் கூடத்து ரசீது, படத்தின் உறை, அடகுக்கடைத் துண்டு, ரயில் சீட்டு என எல்லாவற்றிலும் தேதி உண்டு. அவற்றை வரிசைப்படுத்தினால் ஆர்ஹூஸ் அறிக்கை கேட்கும் நான்கு இடைவெளிகளையும் ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டுவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அப்பை நோயாளியின் இறப்புக்குப் பின் சில ஆண்டுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வீடு மாறும்போது எறியப்படுகிறது.